மெக்கானிக்குக்கு இரண்டு லிட்டர்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறை சிங்க்குக்கு அடியில் ஒரு கால் அங்குல டியூபை வெட்டி மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. அம்மா தரையில் ஒருக்களித்துப் படுத்து டார்ச்சைப் பிடித்திருந்தாள். நான் முழங்காலிட்டிருந்தேன். தண்ணீரைச் சுத்தமாக்க அம்மா அங்கே மாட்டியிருந்த இரண்டாவது கரி ஃபில்டரை அடுத்த இணைப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு. அம்மா எண்ணி வைத்திருந்தாள்.

"நேரா வெட்டு. சாய்ச்சு வெட்டினா மறுபடி ஒழுகும்."

"தெரியும்மா."

"தெரியும்னுதான் போன தடவையும் சொன்ன."

போன தடவையும் நான்தான் வெட்டினேன், கத்திரிக்கோலால். தொழிற்சாலைகளில் அளவுமானிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அழுத்தமோ வெப்பமோ நீரோட்டமோ, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சான்று எழுதித் தருவேன். அதற்குச் சம்பளம் வாங்குகிறவள் கத்திரிக்கோலால் டியூப் வெட்டினாள் என்று அம்மா சித்தியிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பாள்.

"இந்த ஒழுகல் நின்னாத்தான் அந்த மெக்கானிக் தம்பிக்குத் தண்ணி கொடுக்க முடியும்" என்றாள்.

"ஒழுகலுக்கும் தண்ணியோட தரத்துக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ. ஒழுகற இடத்துல பிடிச்ச தண்ணிய நான் ஒருத்தருக்குக் கொடுக்க மாட்டேன்."

பிளேடால் நேராக வெட்டினேன். தடுக்கும் வரை உள்ளே அமுக்கினேன். அம்மா இணைப்பைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தைக் கட்டி, கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் அங்கேயே படுத்திருந்தாள். காகிதம் நனையவில்லை. "ம். பாஸ்" என்று கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கினேன். கை சில்லென்று ஈரமாக இருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. மாலை பஸ்ஸில் நான் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பினேன். புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் சித்தியிடமிருந்து போன் வந்தது.

அம்மா ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இருபத்தாறு வருடம் தண்ணீர் அறையைப் பார்த்துக்கொண்டவள். அப்படி ஓர் அறை இருப்பது அங்கே வந்துபோகிறவர்களுக்கே தெரியாது. டயாலிசிஸில் நோயாளியின் ரத்தம் ஒரு மெல்லிய சவ்வின் இந்தப் பக்கம் ஓடுகிறது, சுத்தமான தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிறது. ரத்தத்தில் இருக்கும் கழிவு தண்ணீருக்குப் போய்விடும். ஒரு தடவைக்கு ஒருவருக்கு நூற்றிருபது லிட்டர். தண்ணீரில் கெட்டது ஏதாவது இருந்தால் அதுவும் அதே சவ்வு வழியாக ரத்தத்துக்குள் போகும். அதனால் குழாய்த் தண்ணீரை மணலில் விட்டு, கரியில் விட்டு, மறுபடி கரியில் விட்டு, கடைசியில் ஆர்.ஓ. சவ்வில் பிழிந்து எடுப்பார்கள். கரி எதற்கென்றால், நகரத் தண்ணீரில் கிருமிக்காகக் கலக்கும் குளோரினைப் பிடித்துக்கொள்ள. ஒரு கரித் தொட்டி ஓய்ந்தால் அடுத்தது காப்பாற்றும்.

தினமும் காலை ஐந்தரைக்கு அம்மா அறையைத் திறப்பாள். தண்ணீரைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுவாள். பிறகு ஒரு குப்பியில் பிடித்து, சோதனை மாத்திரை போட்டுக் குலுக்குவாள். இளஞ்சிவப்பாக மாறினால் குளோரின் இருக்கிறது. மாறாவிட்டால் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் உள்ளே நாற்காலிகளில் ஆட்களை உட்கார வைப்பார்கள். நோயாளிகள் அவளைத் தண்ணியம்மா என்று கூப்பிட்டார்கள். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அதுதான் அவளுடைய பெயர் என்று நினைத்துச் சம்பளக் கடிதத்திலேயே எழுதிவிட்டார்.

அப்பா எனக்குப் பத்து வயதாகும்போது போய்விட்டார். அம்மாவின் தங்கை எங்களோடு மாடி அறையில் இருந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அம்மாவை உலகத்தில் யாராவது கிண்டல் செய்ய முடியும் என்றால் அது சித்திதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை கரண்ட் இல்லாமல் போனது. மோட்டார் ஓட ஆரம்பித்தபோது ஏழு மணி. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா நான்கு நிமிடத்தில் தண்ணீரைப் பிடித்துச் சோதித்தாள். நிறம் மாறவில்லை. கையெழுத்துப் போட்டாள். அன்று பார்த்து இரண்டு கரியும் ஓய்ந்திருந்தது. தொட்டியில் ஊறிக் கிடந்த பழைய தண்ணீர் நான்கு நிமிடம் நல்லபடியாக வந்தது. அதற்குப் பிறகு வந்த தண்ணீரில் குளோரின் இருந்தது.

மதியத்துக்குள் மூன்று பேருக்கு ரத்த அணுக்கள் உடைந்தன. டியூபில் ரத்தத்தின் நிறமே மாறியது. புது ரத்தம் ஏற்றினார்கள். யாரும் சாகவில்லை. பிறகு விசாரணைக்கு வந்தவர்கள் கரி கொடுத்தவன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றார்கள். அம்மா அதற்கு முன்பே பதிவேட்டில் எழுதிவிட்டிருந்தாள்: "நான்கு நிமிடத்தில் எடுத்தேன். பதினைந்து ஆகவில்லை. தவறு என்னுடையது." இரண்டு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

அது நடந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது எனக்கு அவளே சொன்னாள். அழவில்லை. எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்று மட்டும் சொன்னாள். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். "கரண்ட் போனதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்றேன். "பதினோரு நிமிஷம் நின்னிருப்பேன்" என்றாள்.

திருப்பி அழைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியவர் அந்த மூன்று பேரில் ஒருவர். நோயாளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். அவர் காபி மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கடைகளிலும் ஓட்டல்களிலும் இருக்கும் பெரிய எஸ்பிரெசோ மெஷின்களைப் பிரித்து, உள்ளே பிடித்திருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டி, வாஷர் மாற்றித் தருவார். முப்பத்தொரு வயதில் டயாலிசிஸுக்கு வந்தார். செவ்வாய், வியாழன், சனி, ஜன்னல் ஓரத்து நாற்காலி. அம்மா அவரைத் தம்பி என்பாள். எங்கள் வீட்டில் அவர் மெக்கானிக்.

டயாலிசிஸில் இருக்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. மெக்கானிக்குக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், எல்லாம் சேர்த்து. அம்மா ஓய்வு பெற்ற அன்று நான் அந்தப் பிரிவுக்குப் போயிருந்தேன். கையில் இரண்டு ஊசி, குழாய் எல்லாம் செருகியபடியே அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"மாத்திரைக்கு, சோத்துக்குப் போக எனக்குன்னு மிஞ்சறது ஒரு சின்னக் கப். எஸ்பிரெசோ முப்பது மில்லி. அதனாலதான் இந்தத் தொழில்ல பொருத்தமா மாட்டினேன். பெரிய டம்ளர்ல குடிக்கறவங்களுக்கு ரிப்பேர் பண்ற தொழிலா இருந்தா செத்திருப்பேன்."

"வாயில நல்ல வார்த்தை வராதா தம்பி?" என்றாள் அம்மா.

"வரும் வரும். கேளுங்க. பதினாலு வருஷமா உங்க தண்ணி என் ரத்தத்துக்குப் பக்கத்துலயே ஓடுது. ஒரு தடவைகூட வாய்ல பட்டதில்ல. அது என்ன நியாயம்?"

அம்மா சிரிக்கவில்லை. அவர் சிரித்தார். மறுநாள் ஒரு ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. மூடின கடை ஒன்றிலிருந்து வாங்கி, அவரே பிரித்துப் புதிதாக்கிய பழைய மெஷின். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "தண்ணியம்மாவுக்கு. குழாய்த் தண்ணி ஊத்தினா மெஷினைத் திருப்பி வாங்கிக்குவேன். இதுக்குத் தண்ணி நீங்களே செய்யணும். சரியா வந்ததும் ரெண்டு லிட்டர் என் பட்டறைக்கு."

அம்மா அந்தச் சீட்டைக் கிழிக்காமல் எடுத்து, பதிவேடு மாதிரி ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ஒட்டினாள்.

எங்கள் குழாய்த் தண்ணீர் மோசம். கெட்டிலின் அடியில் மாதம் ஒரு வெள்ளைத் தட்டு படியும். அம்மா முதலில் இடத்தை அளந்தாள். சிங்க்குக்கு அடியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் மாடிக்கு அனுப்பினாள். மண் பிடிக்க ஒரு ஃபில்டர், கரி ஃபில்டர், இன்னொரு கரி ஃபில்டர், சின்ன மோட்டார், ஆர்.ஓ. சவ்வு, சேமிக்க ஒரு சின்னத் தொட்டி. இரண்டு கரிக்கும் நடுவில் மாதிரி பிடிக்க ஒரு குட்டிக் குழாய்.

"ஒரு கப் காபிக்கு ரெண்டு கரியாம்மா? வீட்டுக்கு ஒண்ணே அதிகம்."

"ரெண்டு" என்றாள்.

சித்தி வாசற்படியில் நின்று பார்த்தாள். "ரிட்டையர் ஆனா எல்லாரும் ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கு வருவாங்க. எங்கக்கா ஆஸ்பத்திரியவே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டா. ஏய் இன்ஜினியர், உங்கம்மாவுக்குச் சீருடையும் தைச்சுடலாமா?"

"நீ போய் உன் சீரியலைப் பாரு" என்றாள் அம்மா.

மூன்று வாரத்தில் எல்லாம் ஓடியது. தண்ணீரில் கரைந்திருப்பதைக் காட்டும் மீட்டரை நான் என் தொழிற்கூடத்தில் சரிபார்த்துக் கொண்டுவந்தேன். குழாய்த் தண்ணீர் 520 காட்டியது. அம்மாவின் தண்ணீர் 6. அவள் மீட்டரை என்னிடம் திருப்பிக் காட்டிய விதத்தை நான் மறக்கவில்லை. பள்ளியில் நல்ல மார்க் வாங்கியவள் போல இருந்தாள்.

அந்தத் தண்ணீரை மெஷினில் இணைத்தோம். மெஷின் ஆன் ஆனது. உள்ளே பாய்லர் நிரம்பும் சத்தம் கேட்டது. நிரம்பியது. நிரம்பிக்கொண்டே இருந்தது. பிறகு மேலே இருந்த வால்வு வழியாகத் தண்ணீர் பீய்ச்சி, மேடையில் வழிந்து, சித்தியின் காலில் கொட்டியது.

"அக்கா! வீட்டுக்குள்ள மழை!"

ஸ்விட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் எண்ணைக் கேட்டார். ஆறு என்றாள் அம்மா.  அவர் இருமல் வரும் வரை சிரித்தார்.

"தண்ணியம்மா, பாய்லருக்குள்ள ஒரு கம்பி இருக்கு. தண்ணி அதைத் தொட்டா லேசா கரண்ட் பாயும். அப்பத்தான் 'நிரம்பிடுச்சு'ன்னு மெஷினுக்குத் தெரியும். சுத்தமான தண்ணியில கரண்ட் பாயாது. உங்க தண்ணிய என் மெஷின் தண்ணின்னே ஒத்துக்க மாட்டேங்குது."

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இதே மாதிரிக் கம்பிகளை வாரத்துக்கு நாலு சரிபார்க்கிறேன். ஆறு என்ற எண்ணைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். யோசிக்கவில்லை.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றாள் அம்மா.

"கொஞ்சம் உப்பு திருப்பிப் போடணும். மெஷினுக்காக மட்டும் இல்ல. வெறும் தண்ணியில காபி இறங்காது, புளிக்கும். தண்ணியில ஏதாவது இருந்தாத்தான் காபியைப் பிடிச்சு இழுக்கும்."

அம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இருபத்தாறு வருஷம் எடுத்தேன். இப்ப போடச் சொல்றாங்க" என்றாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஒரு மாதம் அவள் எதையும் போடவில்லை. மெஷின் துணி மூடிக் கிடந்தது. நான் வாரக் கடைசியில் வரும்போதெல்லாம் கேட்டேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே சின்ன டிஜிட்டல் தராசும் மூன்று பொட்டலமும் கொண்டுவந்தேன். காபிக்காரர்கள் இணையத்தில் எழுதியிருந்த அளவு. மெக்னீசியத்துக்குப் பேதி உப்பு. புளிப்பை அடக்கச் சமையல் சோடா, அல்லது அதற்குப் பதில் பொட்டாசியம் பைகார்பனேட். பொட்டாசியம் போட்டால் சுவை இன்னும் தெளிவாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

சித்தி முதல் பொட்டலத்தைப் படித்தாள். "பேதி உப்பா? காபி குடிச்சிட்டு ஓடணும்னா முன்னாடியே சொல்லிடுங்க. நான் மாடியிலேயே இருந்துக்கறேன், அங்கதான் பாத்ரூம் பக்கம்."

அம்மா மூன்றாவது பொட்டலத்தை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"பொட்டாசியம் வேணாம்."

"ஏம்மா?"

"அந்தத் தம்பிக்கு ஆகாது. கிட்னி இல்லாதவங்களுக்கு அது நெஞ்சை நிறுத்திடும்."

"அம்மா, ஒரு கப்புல எவ்ளோ வரும்னு கணக்குப் போட்டியா? ஒரு மில்லிகிராம். காபிக்கொட்டையிலயே அதைப் போல முப்பது மடங்கு இருக்கு. டாக்டரே அதைக் குடிக்க விட்டிருக்காரு."

"உன் கணக்கு சரிதான். காபியில இருக்கறது காபியோடது. இது என் கையால போடறது. அவர் கப்புல நான் பொட்டாசியம் போட மாட்டேன்."

அந்தப் பொட்டலத்தை அன்றே என் பையில் திருப்பி வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கருவியும் கணக்கும் ஒன்றைச் சொல்லும்போது மனிதர்கள் வேறொன்றைச் சொன்னால் எனக்கு எப்போதும் கோபம் வரும். அவள் மறுபடி அந்த நான்கு நிமிடத்தில்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாதாடினேன்.

பேதி உப்பை ஒரு பாட்டிலிலும் சமையல் சோடாவை ஒரு பாட்டிலிலும் கரைத்து வைத்தோம். ஒரு லிட்டருக்கு இதில் பத்து மில்லி, அதில் பத்து மில்லி, ஊசி இல்லாத சிரிஞ்சால் எடுத்து ஊற்ற வேண்டும். அம்மா சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, கோடு தொடும் வரை தள்ளினாள்.  மீட்டர் 160 காட்டியது. பாய்லர் நிரம்பியது, தானாக நின்றது. முதல் காபி தேன் மாதிரி மெல்ல இறங்கியது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கப்பை என்னிடம் நீட்டினாள். நான் குடித்துவிட்டுச் சித்தியிடம் கொடுத்தேன். சித்தி உதட்டைச் சப்புக்கொட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. இதைச் சொல்லிட்டேன்னு வெளியே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"அப்ப இந்தப் புதன்கிழமை தம்பிக்குக் கொடுத்துடலாமே" என்றேன். புதன்கிழமை அவருக்கு டயாலிசிஸ் இல்லாத நாள், பட்டறையில் இருப்பார். இரண்டு பஸ் நிறுத்தம்.

"கொடுக்கலாம்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு எட்டு வாரம் போனது. நான் வீட்டுக்கு வராத ஞாயிறுகளில் போனில் கேட்டேன். தண்ணி சரியா இருக்கா? இருக்கு. கொடுத்துட்டியா? இல்ல. ஏன்? "தண்ணி சரியா இருக்கறது வேற. கொடுக்கறது வேற." நான்காவது வாரம் மெக்கானிக் என்னையே கூப்பிட்டார். "என்ன, உங்கம்மா தண்ணிய தங்கத்துல காய்ச்சறாங்களா? என் கோட்டாவுல முப்பது மில்லிய மாசக்கணக்கா காலியா வெச்சிருக்கேன்." நான் அவரிடம் பாதி சொன்னேன். மீதியை அவரே சொன்னார். "தெரியும்மா. அந்த நாலு நிமிஷம். நான் மறந்தே போயிட்டேன், அவங்க விட மாட்டேங்கறாங்க. அவசரப்படுத்தாதீங்க. வரட்டும்."

புதன்கிழமை காலை சித்தி கீழே வந்தபோது அம்மா சமையலறை ஸ்டூலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும் புடவை, வெளியே போகும் செருப்பு. மேடையில் இரண்டு லிட்டர் கேன், மூடி இறுக்கி, பக்கத்தில் துணிப்பை. இதயம் என்றார் டாக்டர். ஒன்பது மணி வாக்கில் இருக்கும் என்றார்.

மெக்கானிக் அன்று மதியமே வந்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். கேனைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு ஒரு வாரம் நான் அந்த நோட்டைத் திறக்கவில்லை. திறந்தது நேற்று. ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறாள். தேதி, ஓடவிட்ட நேரம் 15 நி., குளோரின் இல்லை, கடினத்தன்மை, மீட்டர், கையெழுத்து. முதல் வாரத்துக்குப் பிறகு எண்கள் அசையவே இல்லை. நான் சான்று தரும் கருவிகள்கூட இவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை.

புதன்கிழமை வரிகளில் மட்டும் கூடுதலாக ஒன்று: "மெக்கானிக்குக்கு 2 லி." அதன் மேல் ஒரு கோடு. ஓரத்தில் காரணம். முதல் புதன், "கடினத்தன்மை 62. பார்ப்போம்." அடுத்தது, "கேன் மூடியில் வாசனை." அடுத்தது, "மழை." பிறகு, "கால் வலி." பிறகு ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும், இரண்டு வாரம். ஏழாவது, "ஒழுகுகிறது. ஞாயிறு இவள் வருவாள்."

எட்டாவது புதன், அவள் கடைசியாக எழுதிய வரி. 15 நி. குளோரின் இல்லை. 60. 160. மெக்கானிக்குக்கு 2 லி. கையெழுத்து. கோடு இல்லை.

இன்று காலை நான் சமையலறைக்கு வந்தபோது சித்தி எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். கேன் அதே இடத்தில் இருந்தது. பதினான்கு நாள்.

"இதை என்ன பண்றது சித்தி?"

"என்ன பண்றதுன்னா? அவ கையால பிடிச்சது. இனிமே பிடிப்பாளா? அப்படியே இருக்கட்டும்."

"இதைத்தான் அம்மா அவருக்குக் கொடுக்கணும்னு இருந்தா."

"அப்ப இதையே கொடு."

நோட்டின் பின் அட்டையை அவளிடம் காட்டினேன். அம்மா அங்கே தன்னுடைய விதிகளை எழுதியிருந்தாள், தண்ணீர் அறைச் சுவரில் இருந்ததைப் பார்த்து அப்படியே. மூன்றாவது: பிடித்து ஒரு நாளுக்கு மேல் ஆன தண்ணீர் யாருக்கும் கிடையாது. கொட்டவும்.

சித்தி அதைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்தாள். கேன் மூடியைத் திறந்து டம்ளர் நிறைய ஊற்றி, நின்றபடியே முழுவதும் குடித்தாள்.

"சித்தி!"

"எனக்கு விதி கிடையாது. நான் பேஷண்ட் இல்ல." வாயைத் துடைத்தாள். "உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. பச்சைத் தண்ணி. இதுக்கா அவ இத்தனை பாடு பட்டா?"  டம்ளரைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.

மீதியை நான் சிங்க்கில் கொட்டினேன். வேகமாகக் கொட்ட முடியவில்லை. இரண்டு கைக்கும் நடுவில் கேன் லேசாகிக்கொண்டே வந்தது. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துப் பிடித்தேன்.

பிறகு கேனைக் கழுவிக் கவிழ்த்தேன். சிங்க்குக்கு அடியில் குனிந்து, நாங்கள் மாட்டிய இணைப்பை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மோட்டாரைப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி ஐந்து.

நான்காவது நிமிடத்தில் ஒரு குப்பியில் பிடித்தேன். ஏன் என்று தெரியவில்லை. மாத்திரை போட்டுக் குலுக்கினேன். நிறம் மாறவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. குப்பியைக் கொட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல். பதினோரு நிமிடம் மிக நீளம். மோட்டார் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி வந்து பக்கத்தில் நின்றாள். அவளும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பதினைந்தில் பிடித்தேன். மாறவில்லை. இரண்டு லிட்டர் நிரப்பினேன். ஒரு பாட்டிலிலிருந்து இருபது மில்லி, அடுத்ததிலிருந்து இருபது. சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து, குமிழைத் தட்டினேன். இரண்டாவதை இரண்டு தடவை அளந்தேன். கடினத்தன்மை 60. மீட்டர் 160.

நோட்டில் எழுதினேன். தேதி. 15 நி. குளோரின் இல்லை. 60. 160. கையெழுத்துப் போட்டேன். அம்மாவின் வரிக்கும் என் வரிக்கும் நடுவில் பதின்மூன்று வரி விட்டிருந்தேன், ஆள் இல்லாத நாட்களுக்கு. அவள் எழுதியிருந்த "மெக்கானிக்குக்கு 2 லி."-ஐ நான் தொடவில்லை.

போனை எடுத்தேன். "கடை திறந்திருக்கா?"

"திறந்திருக்கு" என்றார் மெக்கானிக். பின்னால் ஏதோ இரும்பு தட்டும் சத்தம், பிறகு அது நின்றது. "ஏம்மா?"

"அம்மா ஒரு வேலையை விட்டுட்டுப் போயிருக்காங்க. தண்ணி. இன்னைக்குப் பிடிச்சது. நான் பிடிச்சது."

நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை நிமிஷம் ஓடவிட்டீங்க?"

"பதினஞ்சு."

"அப்ப வாங்க. மெஷினைச் சூடு பண்றேன்."

கேனைத் துணிப்பையில் வைத்தேன். செருப்பை மாட்டும்போது சித்தி பின்னாலிருந்து கேட்டாள்.

"மூடியை நல்லா இறுக்கினியா?"

இறுக்கியிருந்தேன். திரும்பி வந்து இன்னொரு தடவை இறுக்கினேன்.